ஒரு கலத்தில் இரு பத்தியம்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் கீழ்பென்னாத்தூர். 1989 செப்டம்பர் வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த இவ்வூர், இன்று திருவண்ணாமலை மாவட்டத்தின் வட்டத் தலைநகர்களுள் ஒன்று. ஏரியும் கிணறும் உள்ள இடத்தில் நெல். வானம் பார்த்த நிலத்தில், மல்லாட்டை என்று இவ்வட்டார மக்கள் வழங்கும் மணிலா. அவற்றோடு கம்பும் கேழ்வரகும். இதுவே இம்மண்ணின் பழைய வேளாண்மை.

இத்தகைய ஊரில் வாழும் குடும்பத் தலைவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். நெடுநாளாக அவருக்கு வயிறு சரியில்லை. புளித்த ஏப்பம், நெஞ்செரிவு, உப்புசம், நேரம் தவறிய கழிச்சல். குழைந்த சோறும் கஞ்சியுமே அவருக்கு ஒத்துக்கொள்ளும் என்பதை வீட்டார் அனைவரும் அறிவர். ஐம்பது வயதில் இரத்தம் சோதிக்கப்படுகிறது. 'சுகர் பார்டரில் இருக்கிறது. சோற்றைக் குறையுங்கள், கஞ்சியை விடுங்கள், பயறும் கீரையும் தவிடு நீக்காத தானியமும் உண்ணுங்கள்' என்று அறிவுரை கிடைக்கிறது. அவ்வாறே உண்கிறார், இரண்டே நாளில் வயிறு ஊதிப் பொருமுகிறது. கஞ்சிக்குத் திரும்புகிறார், சர்க்கரை ஏறுகிறது. வயிற்றுக்கு ஒரு பத்தியம், இரத்தத்திற்கு ஒரு பத்தியம். உண்ணும் கலமோ ஒன்று.

இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் இந்த இக்கட்டு உண்டு. இரு பத்தியங்களையும் ஒருசேர மேற்கொள்ள முயன்று, எதை உண்பது என்றே தெரியாமல் மெலிந்து போனவர்கள் உண்டு. இரண்டையும் கைவிட்டு, முழு நீரிழிவுக்குள் சென்று விழுந்தவர்களும் உண்டு. இம்முரண்பாடு எங்ஙனம் தோன்றியது என்று மருத்துவ வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், ஓர் உண்மை புலனாகிறது. வயிற்றை மட்டும் கண்டவர்கள் ஒரு பத்தியம் வகுத்தனர். சர்க்கரையை மட்டும் கண்டவர்கள் மற்றொன்று வகுத்தனர். இரண்டையும் சேர்த்துக் கண்டவர்களுக்கு முரண்பாடு பெரிதும் குறைந்தது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழம்பெயர்கள்

நீரிழிவு, மதுமேகம் என்ற சொற்கள் தமிழ் மருத்துவத்திற்குப் புதியன அல்ல. குன்மம், கிராணி, சூலை என்று வயிற்று நோய்களுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் நூல்கள், தேனைப் போல் இனிக்கும் சிறுநீரையும் அதனை எறும்பு மொய்ப்பதையும் குறிப்பிட்டன. உண்டு கொழுத்து உழைப்பின்றி இருப்போர்க்கு வரும் வகையையும், மெலிந்தோர்க்கு வரும் வகையையும் வேறு பிரித்தன. பருத்தவர்க்கு உணவைக் குறைத்தும், மெலிந்தவர்க்கு உடலைத் தேற்றியும் மருத்துவம் செய்ய வேண்டும் என்பது அவற்றின் கொள்கை. வாற்கோதுமையை நல்லுணவாகக் கூறின. எல்லோர்க்கும் ஒரே பத்தியம் என்ற எண்ணம் அந்நாளிலேயே இல்லை என்பதை ஈண்டு மனத்திற்கொள்ள வேண்டும்.

ராஸீயும் இப்னு ஸீனாவும்

இஸ்லாமிய உலகின் மருத்துவப் பேரறிஞர்களுள் முன்னவர் முஹம்மது இப்னு ஜகரிய்யா அர்ராஸீ (865–925). ரை நகரில் பிறந்து, பக்தாதில் மருத்துவமனைத் தலைவராகத் திகழ்ந்தவர். அவர் உணவைப் பற்றித் தனி நூலொன்றை இயற்றினார். 'உணவுகளின் பயன்களும் அவற்றின் தீங்குகளைத் தடுத்தலும்' என்பது அதன் பெயரின் பொருள். இத்தலைப்பை நாம் சற்றே நின்று நோக்க வேண்டும். தீங்குள்ள உணவுகளை விலக்குதல் என்று அவர் பெயரிடவில்லை. உணவின் தீங்கைத் தடுத்தல் என்று பெயரிட்டார். ஒரு பொருள் ஒத்துக்கொள்ளவில்லையெனில், அதனைச் சமைக்கும் முறையாலும், அதனோடு சேர்க்கும் பொருளாலும், உண்ணும் அளவாலும் காலத்தாலும் திருத்த முடியுமா என்று முதலில் பார். இயலாதபோதே விலக்கு என்பது அத்தலைப்பிலேயே அடங்கிய நெறி. இரு பத்தியங்களுக்கு நடுவே சிக்கியவருக்கு இதைவிடப் பயனுள்ள நெறி வேறில்லை.

அவருக்குப் பின் வந்த இப்னு ஸீனா (980–1037) தமது 'அல்கானூன்' என்ற பெருநூலில் நீரிழிவை விவரித்தார். அந்நோயாளரின் சிறுநீரை வற்றச் செய்தால் எஞ்சுவது இனிப்பாக இருப்பதைக் குறித்தார். வெந்தயம் சேர்ந்த விதைக் கூட்டொன்றை மருந்தாகவும் கூறினார். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் உள்ள அதே வெந்தயந்தான்.

நீரிழிவை எழுதிய அவ்வறிஞரே தம் வாழ்வில் வருந்தியது வயிற்று நோயால் என்பது வரலாற்றின் விந்தை. 'குலஞ்ச்' எனப்படும் குடற்சூலை அவரைப் பற்றியது. அந்நோயைப் பற்றித் தனி ஏடு எழுதியவரும் அவரே. அவருடைய மாணவர் ஜூஸ்ஜானீ எழுதி வைத்த வரலாறு அவருடைய கடைசி நாட்களைக் கூறுகிறது. இஸ்பஹான் ஆட்சியாளரின் படையோடு பயணம் செய்கையில் சூலை கடுமையாயிற்று. பயணம் தடைப்படலாகாது என்று விரைவில் குணமாக விரும்பி, ஒரே நாளில் எட்டு முறை குடல் கழுவும் மருத்துவத்தைத் தமக்குத் தாமே செய்துகொண்டார். குடல் புண்ணாயிற்று. பின்னர் மருந்தில் இரு தானிக் அளவே சேர்க்கச் சொன்ன விதையை, உடனிருந்தவர் ஐந்து திர்ஹம் சேர்த்துவிட்டார்; புண் மிகுந்தது. சற்றுத் தேறியும் தளர்ந்தும், ஹிஜ்ரி 428ஆம் ஆண்டில் ஹமதானில் அவர் மறைந்தார். அறிவில் குறையில்லை, மருந்திலும் குறையில்லை. விரைவும் அளவு மீறலுமே தீங்காயின. வயிறு நலிந்தவர் எந்தப் பத்தியத்தையும் ஒரே நாளில் மாற்றலாகாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

இவர்க்குப் பின் அப்துல் லத்தீப் அல்பக்தாதீ (1162–1231) நீரிழிவுக்கென்றே தனி ஏடொன்று எழுதினார். ஆக, நோயும் உணவும் பற்றிய ஆராய்ச்சி நம் முன்னோர்க்குப் பழகிய துறையே.

பட்டினியும் பாலும்

மேலைநாட்டு மருத்துவம் வளர்ந்தபோது இவ்விரு நோய்களும் வெவ்வேறு மருத்துவர்களின் கைக்குச் சென்றன. 1776இல் மாத்தியூ டாப்சன், நீரிழிவாளரின் சிறுநீரில் இருப்பது சர்க்கரையே என்று நிறுவினார். 1797இல் ஜான் ரோலோ, தானியத்தை நீக்கி இறைச்சியும் கொழுப்பும் கொடுக்கும் பத்தியத்தை வெளியிட்டார். 1870–71இல் பாரிஸ் முற்றுகையிடப்பட்டு மக்கள் அரைப்பட்டினி கிடந்த காலத்தில், சில நோயாளரின் சிறுநீரிலிருந்து சர்க்கரை மறைந்ததைப் பூசார்தா என்ற மருத்துவர் கண்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிரடெரிக் ஆலன் பட்டினியையே மருத்துவமாக்கினார். 1921இல் டொராண்டோவில் இன்சுலின் கண்டறியப்பட்ட பிறகே அக்கொடுமை தணிந்தது.

வயிற்றுப்புண் கண்டவர்க்கோ நேர்மாறான கட்டளை. 1915இல் சிகாகோ மருத்துவர் சிப்பி, மணிக்கு ஒரு முறை பாலும் பாலாடையும் கொடுக்கும் பத்தியத்தை வகுத்தார். பால், கஞ்சி, வெள்ளை ரொட்டி, மசித்த கிழங்கு எனச் சக்கையற்ற மென்மையான உணவே வயிற்றுக்கு ஏற்றது என்ற கருத்து உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டிலும் 'அல்சர்' என்றதும் காரத்தையும் பயற்றையும் விலக்கிப் பாலும் ரொட்டியும் கொடுத்தது நம்மில் பலர்க்கு நினைவிருக்கும்.

இக்கருத்தும் நிலைக்கவில்லை. பால் குடித்தபின் வயிற்றில் அமிலச் சுரப்பு மிகுவதை 1976இல் அமெரிக்க ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். 1982இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையில் வாழும் ஹெலிகோபேக்டர் என்ற நுண்கிருமியைக் கண்டறிந்து, புண்ணுக்குப் பெரும்பாலும் அதுவே வேர் என்று காட்டினர். 2005இல் நோபல் பரிசு பெற்றனர். கிருமியைக் கொல்லும் மருந்து வந்த பின், வாழ்நாள் முழுதும் கஞ்சிப் பத்தியம் என்ற கட்டளைக்கு அடிப்படை போயிற்று. எனினும் பத்தியம் போகவில்லை. அது வீடுகளில் வழக்கமாக நிலைத்துவிட்டது.

இவற்றுக்கிடையே, போதிய கவனம் பெறாத ஆய்வொன்றும் நிகழ்ந்தது. நம் நாட்டு ரயில்வே மருத்துவர் மல்ஹோத்ரா, ரயில்வே ஊழியரிடையே தென்னாட்டில் குடற்புண் மிகுந்தும், கோதுமை உண்ணும் வடநாட்டில் குறைந்தும் இருப்பதைக் கண்டவர். 1978இல் அவர் வெளியிட்ட மும்பை ஆய்வில், புண் ஆறிய 42 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். அரிசி உணவைத் தொடர்ந்தவர்களில் 81 விழுக்காட்டினர்க்குப் புண் திரும்பியது. தவிடு நீக்காத கோதுமை உண்டவர்களில் 14 விழுக்காட்டினர்க்கே திரும்பியது. 1982இல் நார்வேயில் செய்த ஆய்வும் நார்ச்சத்து மிக்க உணவால் புண் திரும்புவது குறைவதைக் கண்டது. சிறிய ஆய்வுகளே; கிருமி கண்டறியப்படுவதற்கு முற்பட்டவையும் ஆகும். ஆயினும் சர்க்கரைக்கு நல்லதென்று கூறப்படும் உணவு வயிற்றுக்குப் பகையன்று என்பதை அவை முதன்முதலாகச் சுட்டின.

குன்னூரும் வேலூரும்

தமிழகத்தின் பங்கு இத்துறையில் சிறிதன்று. நீலகிரியில் குன்னூரில் 1918இல் தொடங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சியே, பின்னாளில் 1958இல் ஹைதராபாத்துக்குச் சென்று தேசிய நிறுவனமாக வளர்ந்தது. குன்னூரில் ராபர்ட் மக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். முழுக் கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட வடநாட்டு உணவை உண்டவை நலமாக இருந்தன. தீட்டிய அரிசியையோ மரவள்ளியையோ மட்டும் நம்பிய ஏழைகளின் தென்னாட்டு உணவை உண்டவற்றிடையே வயிற்றுப் புண்கள் தோன்றின. அவர்க்குப் பின் 1935 முதல் இயக்குநராக இருந்த அய்க்ராய்டும் அவருடைய குழுவினரும் அரிசியின் சிக்கலை ஆராய்ந்து 1940இல் நூலாக்கினர். நெல்லைப் புழுக்கிக் காயவைத்துக் குற்றினால், தவிட்டிலுள்ள சத்துக்கள் அரிசிக்குள் இறங்கித் தங்கும். பச்சரிசியை ஆலையில் வெள்ளையாகத் தீட்டினால் அவை தவிட்டோடு போய்விடும் என்பது அவர்கள் வலியுறுத்திய உண்மை.

ஆயினும் உரல் போய் ஆலை வந்தது. 1966க்குப் பின் புதிய நெல் வகைகளும் பம்பு செட்டுகளும் வட ஆர்க்காட்டுக் கிராமங்களை மாற்றின. 1970களிலும் 1980களிலும் அயல்நாட்டு ஆய்வாளரும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தாரும் இம்மாவட்டத்துச் சிற்றூர்களில் இம்மாற்றத்தை ஆராய்ந்து நூல்கள் எழுதினர். பசி குறைந்தது, இது மறுக்கவொண்ணா நன்மை. 2011 ஜூன் முதல் பொது விநியோகக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. கம்பும் கேழ்வரகும் தினை வகைகளும் கலத்தின் ஓரத்திற்குச் சென்று, மூன்று வேளையும் வெள்ளரிசி என்றாயிற்று.

வயிற்றின் துன்பமோ இப்பகுதிக்குப் பழையது. 1960ஐ அடுத்த ஆண்டுகளில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில், உண்ட உணவு உடலில் ஒட்டாமல் கழிச்சலாகப் போகும் 'ஸ்ப்ரூ' என்ற நோய் கொள்ளைநோய் போலப் பரவி உயிர்களைக் கவர்ந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் மாத்தன் தம்பதியரும் இதனை ஆராய்ந்து உலகறியச் செய்தனர். நம் தமிழில் கிராணி என்று வழங்குவதன் ஒரு வகை இது. இத்தகைய வரலாறு உடைய மண்ணில், வயிறு கெட்டால் கஞ்சியே காவல் என்று மக்கள் நம்பியதில் வியப்பில்லை.

அதே வேலூரிலிருந்து 2000இல் மற்றோர் ஆய்வு வெளிவந்தது. மருத்துவர் ராமகிருஷ்ணாவும் குழுவினரும் காலரா நோயாளர்க்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலில், சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவுச்சத்தைச் சேர்த்தனர். கழிச்சல் குறைந்தது. சிறுகுடலைத் தப்பிய அம்மாவுச்சத்து பெருங்குடலை அடைந்து, அங்கு வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அவை அதனைப் புளிக்கவைத்துத் தரும் அமிலங்கள் பெருங்குடலின் சுவரை ஊட்டி, நீரை உறிஞ்ச உதவுகின்றன.

நம் பொருளுக்கு இது திறவுகோல் போன்றது. சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து உடனே சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறாது; அதே மாவுச்சத்து குடலுக்கும் ஊட்டம். அதாவது இரத்தத்திற்கு நல்லதும் குடலுக்கு நல்லதும் ஒரே பொருளில் சந்திக்கின்றன. சோற்றை ஆக்கி ஆறவைத்தால் அதன் மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி இவ்வாறு செரிக்காத தன்மை பெறுகிறது. ஆறவைத்துக் குளிரூட்டிய சோற்றை மீண்டும் சூடாக்கி உண்டபோது சர்க்கரை சற்றுக் குறைவாக ஏறியதை 2015இல் இந்தோனேசிய ஆய்வு காட்டிற்று. பாட்டிமார் வைத்த பழைய சோற்றுக்கு இவ்வகையில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் குறைவது சிறு பங்கே. கிண்ணத்தின் அளவைப் பெருக்கினால் அந்நன்மை அடிபட்டுப் போகும். வெப்பத்தில் நெடுநேரம் மூடாது கிடந்த சோறு வயிற்றுக்கு நஞ்சுமாகும்.

சென்னை கண்ட வழி

தமிழகத்தில் நீரிழிவுக்கென்று தனி மருத்துவத்தை நிலைநாட்டியவர் டாக்டர் எம். விஸ்வநாதன். 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனை கண்டார். சோறுண்ணும் மக்களிடம் மேலைநாட்டுப் பத்தியத்தைத் திணிக்காமல், நார்ச்சத்து மிக்க தானியமும் பயறும் கொண்ட நம் உணவையே மருந்தாக்க முனைந்தார். பயறு வகைகளை உண்டபின் இரத்தச் சர்க்கரை குறைவாக ஏறுவதை 1980களின் இறுதியில் அவருடைய குழுவினர் அளந்து காட்டினர்.

முழு நோயாகாத 'பார்டர்' நிலைக்கு மருத்துவர் அளவு குறித்துள்ளனர். வெறும் வயிற்றில் 100 முதல் 125 மில்லிகிராம் வரை. குளுக்கோஸ் அருந்திய இரண்டு மணி நேரத்தில் 140 முதல் 199 வரை. மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ1சி 5.7 முதல் 6.4 விழுக்காடு வரை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி, நாட்டில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடி. அதன் வாயிலில் நிற்போர் 13 கோடிக்கும் மேல். இந்த வாயில் நிலையில் நகரத்திற்கும் கிராமத்திற்கும் வேறுபாடு இல்லை என்றே கூறலாம். இது செல்வர் நோய், நகரத்து நோய் என்ற எண்ணம் பொய்த்துவிட்டது.

வாயிலில் நிற்பவரைத் திருப்பி அனுப்ப இயலுமா? இயலும். சீனாவின் தாச்சிங் நகரில் 1986இல் 577 பேரிடம் தொடங்கிய ஆய்வில், ஆறு ஆண்டுகளில் அறிவுரை பெறாதவர்களில் நூற்றுக்கு 68 பேர் நீரிழிவாளர் ஆயினர். உணவை மட்டும் திருத்தியவர்களில் 44 பேரே ஆயினர். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் அணுக்கமானது. மூன்றாண்டில், வாளாவிருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயாளர் ஆயினர். உணவு திருத்தி நடைப்பயிற்சி மேற்கொண்டவர்களில் 39 பேர். மெட்ஃபார்மின் மாத்திரை உண்டவர்களில் 40 பேர். மாத்திரை செய்ததை உணவும் நடையும் செய்தன. அம்மாத்திரை சிலருக்கு வயிற்றுப்போக்கும் குமட்டலும் தரும் என்பதை எண்ணினால், வயிறு நலிந்தவர்க்கு இம்முடிவு இருமடங்கு நற்செய்தி. 2014இல் டாக்டர் வி. மோகன் குழுவினர், தவிடு நீக்காத அரிசி உண்டபோது வெள்ளரிசியினும் சர்க்கரை குறைவாக ஏறுவதைச் சென்னையில் அளந்தனர்.

தீங்கைத் தடுத்து உண்ணல்

இனி ராஸீயின் நெறிக்கு வருவோம். பயறும் நார்ச்சத்தும் சர்க்கரைக்கு நல்லவை. வயிற்றில் வாயுவை உண்டாக்குவது அவற்றின் தீங்கு. அத்தீங்கைத் தடுக்க வழியுண்டா? உண்டு. வாயுவுக்குக் காரணமான சர்க்கரைப் பொருட்கள் நீரில் கரைவன. பயற்றை இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் நன்கு குழைய வேகவைத்தால் அவை பெருமளவு நீங்கும். இஞ்சி, சீரகம், பெருங்காயம் சேர்ப்பது நம் அடுக்களைகள் அறிந்த துணை. எளிதில் செரிக்கும் பாசிப்பருப்பில் தொடங்கி, முதல் வாரம் இரண்டு மேசைக்கரண்டி, ஒத்துக்கொண்டால் அடுத்த வாரம் சற்றுக் கூட என்று செல்ல வேண்டும். கொண்டைக்கடலையும் மொச்சையும் கடைசியில் வரலாம், வராமலும் போகலாம்.

காய்கறியும் அவ்வாறே. பச்சையாக உண்பது ஒவ்வாதெனில், சுரை, பீர்க்கு, புடலை, கேரட், வெண்டை ஆகியவற்றை வேகவைத்து உண்பதில் இழப்பில்லை. வெங்காயமும் பூண்டும் கோதுமையும் பாலும் சிலர்க்கு உப்புசம் தரும். 2005 முதல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் இதனை விரிவாக ஆராய்ந்து, சில வாரம் விலக்கி, பின் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கும் முறையை வகுத்தனர். எல்லாவற்றையும் என்றென்றைக்கும் விலக்குவது அம்முறையின் கருத்தன்று. தமக்கு ஒவ்வாதது எதுவெனக் கண்டறிந்து அதை மட்டும் நீக்குவதே கருத்து. பால் ஒவ்வாதவர்க்கு மோரும் தயிரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். முட்டையும் மீனும் சர்க்கரையை ஏற்றுவதில்லை, வாயுவும் தருவதில்லை. ஆதலின் இரு பத்தியத்திற்கும் அவை நண்பர்கள். எண்ணெயில் பொரிப்பது மட்டும் கூடாது.

கஞ்சியை அறவே விட வேண்டியதில்லை. அதனைத் திருத்த வேண்டும். கூழாகக் கரைத்த மாவு விரைந்து செரித்து விரைந்து சர்க்கரையாகும். கேழ்வரகுக் கூழ் என்பதாலேயே சர்க்கரை ஏறாது என்று நம்புவோர் உளர். நைய அரைத்த எந்தத் தானியமும் அவ்விதியிலிருந்து தப்பாது. புழுங்கலரிசி நொய்யையோ சாமையையோ சிறிதளவு எடுத்து, சம அளவு பாசிப்பருப்பும் வெந்தயமும் காயும் சேர்த்து, பருக்கை தெரிய வேகவைத்தால், அக்கஞ்சி வயிற்றுக்கும் மென்மை, சர்க்கரைக்கும் அடக்கம். வெல்லம், தேன், நாட்டுச் சர்க்கரை என்று பெயர் மாறினாலும் இனிப்பு இனிப்பே.

உண்ணும் முறையிலும் இரு பத்தியங்கள் ஒன்றுபடுகின்றன. வயிறு முட்ட ஒரு வேளை உண்பது இரண்டுக்கும் பகை. அளவாக, நேரம் தவறாது, மென்று உண்பது இரண்டுக்கும் துணை. காயும் பருப்பும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் உண்டால் சர்க்கரை குறைவாக ஏறும் என்பதை 2015இல் நியூயார்க் ஆய்வாளர் கண்டனர். உண்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடப்பதும் இரண்டுக்கும் நன்று.

சில எச்சரிக்கைகளும் கூறியாக வேண்டும். பார்டர் நிலையில் எல்லோரையும் உடல் இளைக்கச் சொல்வது வழக்கம். குடல் நோயால் ஏற்கெனவே மெலிந்தவர்க்கு அது பொருந்தாது. பழைய நூலோர் பருத்தவரையும் மெலிந்தவரையும் வேறு பிரித்ததை நினைவுகூர்க. நெடுநாள் குடல் நோயால் இரத்தசோகை கண்டவர்க்கு ஹெச்.பி.ஏ1சி கணக்குத் தவறாகக் காட்டக்கூடும். இரும்புச்சத்துக் குறைவு அதனை உயர்த்திக் காட்டும். அத்தகையோர் குளுக்கோஸ் அருந்திச் செய்யும் சோதனையையும் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளலாம். குடலழற்சி முற்றிய காலத்தில் நார்ச்சத்தைக் குறைக்க வேண்டிவரும். கோதுமையே ஆகாத சிலியாக் நோயும் உண்டு. மலத்தில் இரத்தம், கருமலம், காரணமற்ற மெலிவு, விழுங்குவதில் தடை, தொடர் வாந்தி ஆகியவை பத்தியத்தால் தீர்வன அல்ல. காலந்தாழ்த்தாது மருத்துவரைக் காண வேண்டும்.

நோன்புக் காலம்

ரமலான் மாதம் இவ்விரு பத்தியங்களுக்கும் ஆண்டுதோறும் வரும் சோதனை. நம் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியில் அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சியும் சேர்கின்றன. தீங்கைத் தடுத்து உண்ணும் நெறி அதில் முன்பே உண்டு. கெடுப்பது கஞ்சியன்று, அதன் பின் வரும் வடையும் சமோசாவும் சர்பத்தும் நள்ளிரவு விருந்துமே. ஒன்றிரண்டு பேரீச்சம்பழம், ஒரு கிண்ணம் கஞ்சி, சற்று இடைவெளி விட்டு அளவான உணவு என்ற ஒழுங்கு வயிற்றையும் காக்கும்; சர்க்கரையையும் காக்கும். ஸஹரில் பச்சரிசிச் சோற்றை மட்டும் உண்டு படுக்காமல், பருப்பும் முட்டையும் தயிரும் சேர்ப்பது பசியையும் தாங்கும். புண் ஆறாத நிலையில் இருப்பவர் மருத்துவரின் சொல்லைக் கேட்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை வழங்கியிருக்க, அதனை ஏற்பதில் குறைவேதுமில்லை.

வரலாறு நமக்குக் கூறுவது இதுவே. பட்டினியையும் பாலையும் மாறிமாறிக் கட்டளையிட்ட மருத்துவம், இரு நூற்றாண்டு சுற்றி வந்து, தவிடும் பயறும் காயும் அளவும் என்ற இடத்தில் இளைப்பாறுகிறது. வயிற்றுக்கும் இரத்தத்திற்கும் நடுவே நடந்த வழக்கில் இணக்கத்திற்கு வேண்டியவை பொறுமையும் சமையற் பக்குவமுமே. இவ்வுணவு நோயாளிக்கென்று தனி அடுப்பில் ஆக்க வேண்டிய உணவும் அன்று. ஒரே பானையில் ஆக்கி, வீட்டிலுள்ள எல்லோரும் உண்ணத்தக்கது. பெற்றோர் இருவரில் ஒருவர் வாயிலில் நிற்கும் வீட்டில், பிள்ளைகளும் அவ்வழியே வரக்கூடியவர்கள். அவர்கள் அவ்வாயிலை அணுகாதிருக்க இன்றே அப்பானையில் ஒரு கைப்பிடி அரிசியைக் குறைத்து, ஒரு கைப்பிடி பயற்றைக் கூட்டலாம்.